அருவியா, குமிழியா, தட்டா? மீன் தொட்டிக்கு எந்தப் பாசி ஸ்க்ரப்பர்?

பாசி ஸ்க்ரப்பர் என்பது விளக்கு வெளிச்சத்தில் ஒரு வலையில் பாசியை வளர்த்து, தண்ணீரில் சேரும் சத்தை அது உறிஞ்சியதும் சுரண்டி எறியும் அமைப்பு. அதை வைப்பது என்று முடிவு செய்துவிட்டவர்கள் அடுத்து வந்து நிற்கும் கேள்வி இது. மேலிருந்து தண்ணீர் வழியும் அருவி வகையா, கீழிருந்து காற்றுக் குமிழி ஏறும் வகையா, சாய்வான தட்டா? பேசாமல் சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) ஒரு கொத்து கீட்டோ பாசியை, அதாவது நூல்நூலாக வளரும் கடல் பாசியைப் போட்டு விளக்கு மாட்டிவிடலாமா? விற்பவர்கள் நைட்ரேட் எத்தனை நாளில் இறங்கும் என்பதைத்தான் பேசுவார்கள். சரியான அளவில் அமைத்தால் நான்குமே நைட்ரேட்டை இறக்கும். ஆறு மாதம் கழித்து எது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பது சுத்தம் செய்யும் முறையைப் பொறுத்தது.

காரணம் எளிது. மீனுக்குப் போடும் தீனியில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடைசியில் நைட்ரேட், பாஸ்பேட்டாகத் தண்ணீரில் நிற்கின்றன. பாசி அவற்றை உறிஞ்சி உடம்பாக்கிக்கொள்கிறது. அந்தப் பாசியைச் சுரண்டி எடுத்து வெளியே போடும்வரை தொட்டியை விட்டு எதுவும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சுரண்டாமல் விட்ட பாசியின் அடிப்பகுதி வெளிச்சம் கிடைக்காமல் செத்து, உறிஞ்சியதையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கொட்டும்.

ஒரு தோராயக் கணக்கு: கையால் நன்றாகப் பிழிந்த பாசி 100 கிராம் என்றால் அதில் உலர் பொருள் ஏறக்குறைய 10 கிராம். அதில் நைட்ரஜன் 3 விழுக்காடு என்று வைத்தாலும் 0.3 கிராம், நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 1.3 கிராம். 200 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கைப்பிடிப் பாசி இவ்வளவு செய்கிறது. அதனால் சுத்தம் செய்யும்போதெல்லாம் பிழிந்து எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை குறையத் தொடங்கினால், டெஸ்ட் கிட் காட்டும் முன்பே தகராறு தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

பரப்பு. தொட்டியின் லிட்டர் கணக்கை விடுங்கள், தினசரித் தீனியை வைத்து அளவு போடுங்கள். 500 லிட்டரில் நான்கு சின்ன மீன் வைத்திருப்பவருக்குச் சின்ன வலை போதும். 150 லிட்டரில் பெருந்தீனி மீன் வைத்திருப்பவருக்குப் போதாது. வளர்ப்பவர்களிடையே புழங்கும் விதி இது: நாளுக்கு ஒரு உறைந்த உணவுக் கட்டி, அல்லது சுமார் 2.8 கிராம் உருண்டைத் தீனி போட்டால், இருபுறமும் வெளிச்சம் விழும் 77 சதுர செ.மீ. வலை தேவை. ஒரு புறம் மட்டும் வெளிச்சம் என்றால் இரட்டிப்பு.

சுத்தம் செய்யும் இடைவெளியும் சிரமமும். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை நிமிடம், கை எவ்வளவு நனையும் என்பதோடு வலையைத் தனியாகக் கழற்றிச் சின்க்குக்கு எடுத்துப்போக முடியுமா என்பதையும் பாருங்கள். தண்ணீருக்குள் வைத்தே சுரண்டினால் உடைந்த செல்களின் சாறு தொட்டியிலேயே கலந்து தண்ணீர் மஞ்சளாகும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும். சில வகைகளில் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் ஒரு மாத வளர்ப்பு ஒரே மதியத்தில் காய்ந்துபோகும்.

சொல்லாமல் வரும் செலவுகள். ஆவியாதல், உப்புப் படிவு, சத்தம், கசிவு, 24 மணி நேரமும் ஓடும் பம்ப்.

உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா. இதைப் பலர் கேட்பதே இல்லை. குமிழி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

## அருவி வகை

மேலே ஒரு பைப், அதன் அடியில் நீளமாக ஒரு பிளவு, பிளவிலிருந்து தொங்கும் சொரசொரப்பான வலை, இரண்டு பக்கமும் விளக்கு. தண்ணீர் வலையின் இருபுறமும் மெல்லிய திரையாக வழிந்து சம்புக்குள் விழும். இடத்துக்கு ஏற்ற பலனில் இதற்கு இணை இல்லை.

நாளுக்கு இரண்டு கட்டி தீனி போடும் தொட்டிக்கு 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் போதும். பிளவின் அகலம் 3 மி.மீ. தண்ணீர் வேகம் வலையின் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு 50 லிட்டருக்குச் சற்று மேல். 15 செ.மீ.க்கு 780 லிட்டர் என்று கொள்ளலாம். இது வலையில் வந்து விழ வேண்டிய அளவு. பெட்டியில் எழுதியிருக்கும் பம்ப் அளவு அல்ல. ஏற்ற உயரமும் வளைவுகளும் தின்பது போக இது மிஞ்ச வேண்டும். தொட்டியிலிருந்து சம்புக்குத் தானாக வழியும் ஓவர்ஃப்ளோ தண்ணீரையே இந்தப் பைப்புக்குத் திருப்ப முடிந்தால் தனிப் பம்பே வேண்டாம். வெளிச்சத்துக்குப் பக்கத்துக்கு 6 வாட் எல்இடி, 660 நானோமீட்டர் சிவப்பு பெரும்பங்கு, டைமரில் 18 மணி நேரம். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் இது எரிந்தால் இரவில் பிஹெச் இறங்குவதும் குறையும்.

வலைக்குப் பின்னல் வேலைக்கு விற்கும், அங்குலத்துக்கு 7 கண் உள்ள பிளாஸ்டிக் வலைதான் வழக்கம். அதை அப்படியே மாட்டுவது முதல் தவறு. ரம்பப் பல்லால் இரண்டு பக்கமும், எல்லாத் திசையிலும் கீறி, கள்ளிச்செடி போல முள் எழும்பும்வரை தேய்க்க வேண்டும். தடவினால் விரலில் குத்த வேண்டும். வழவழப்பான வலையில் பாசி அழகாகத்தான் வளரும். இரண்டாவது வாரம் போர்வை போல ஒரே தாளாகக் கழன்று பம்ப் வாயில் போய் அடைக்கும்.

சுத்தம் செய்வது 7 முதல் 14 நாளுக்கு ஒரு முறை:

1. விளக்கை அணைத்து, பிறகு பம்பை நிறுத்துங்கள். பைப்பில் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்திருந்தால் வலையோடு சேர்த்து அரை நிமிடத்தில் கழன்று வரும். யூனியன் இல்லாமல் ஒட்டிவிட்டவர்கள் மூன்றாவது மாதமே சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடத் தொடங்குவார்கள்.
2. சொட்டு விழாமல் ஒரு தட்டில் வைத்து சின்க்குக்கு எடுத்துப்போங்கள்.
3. பழைய பிளாஸ்டிக் கார்டால் மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். வலை தெரிய வேண்டும், ஆனால் கண்களுக்குள் பச்சை நிற்க வேண்டும். வெள்ளையாகும்வரை தேய்த்தால் மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்று பொருள்.
4. கடல் தொட்டி என்றால் குழாய்த் தண்ணீரில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் அலசுங்கள். வலைக்குள் குடியேறிப் பாசியை மேயும் கோப்பிபாடுகள் என்ற பொடி உயிரினங்கள் நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும். பாசிக்கு ஒன்றும் ஆகாது.
5. அதே கார்டைப் பிளவுக்குள் விட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுங்கள்.
6. மாட்டி, பம்பைப் போட்டு, தண்ணீர் விழும் திரையைப் பாருங்கள். நடுவில் வறண்ட கோடு தெரிந்தால் பிளவில் இன்னும் ஏதோ இருக்கிறது.

அந்த ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். விளக்கு வெளிச்சம் பிளவில் படும் இடத்தில் பாசி பைப்புக்குள்ளேயே வளர்ந்து அடைக்கும். அடைத்த இடத்தில் தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சும். மூடியில்லாத அமைப்பில் அது விளக்கின் மேலும் தரையிலும் போய் விழும். பிளவுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். பெட்டிக்குள் வைத்த அருவி என்றால் அடியில் உள்ள வடிகால் துளைதான் ஆபத்து: நீண்ட பாசி இழை ஒன்று இறங்கி அதை மூடினால் பெட்டி வழியும். இரண்டாவதாக, சற்று உயரத்தில் ஒரு அவசரத் துளை கட்டாயம்.

மறைந்த செலவு ஆவியாதல். காற்றில் விரிந்து வழியும் தண்ணீரும் விளக்குச் சூடும் சேர்ந்து தினசரி நீர் ஊற்றும் அளவைக் கண்ணுக்குத் தெரியக் கூட்டும். கடல் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் அமைப்பு இல்லாதவர்கள் இதை யோசித்தே இறங்க வேண்டும்.

மின்சாரம் போனால்? வலை காற்றில் தொங்குகிறது, சில மணி நேரத்தில் காயத் தொடங்கும். பம்பும் விளக்கும் வெவ்வேறு இணைப்பில் இருந்து பம்ப் மட்டும் நின்றால் இன்னும் மோசம், விளக்கே பாசியை வறுத்துவிடும். இரண்டையும் ஒரே இணைப்பில் வையுங்கள்.

## குமிழி வகை

இதில் வலை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அடியில் ஏர் ஸ்டோன் அல்லது துளையிட்ட குழாய், மேலேறும் குமிழிகள் வலையைத் தேய்த்துக்கொண்டு போகும். விளக்கு பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே, காந்தத்தால் ஒட்டியிருக்கும். சம்ப் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. வழிந்து ஊற்றும் பயம் கிடையாது. மின்சாரம் போனாலும் வலை நனைந்தே இருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வைத்திருந்தால் வேலைகூட நிற்காது.

சிக்கல் வேறு இடத்தில். உப்புத் தண்ணீரில் குமிழி பொடிப்பொடியாக, அடர்த்தியாக எழும். நல்ல தண்ணீரில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வலையின் பெரும்பகுதியைத் தொடாமலே மேலே போய்விடும். அங்கே பாசி நீளமாக, மென்மையாக வளர்ந்து எளிதில் அறுந்து தொட்டிக்குள் மிதக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு இதை வாங்கியவர்கள் ஏமாற்றமாகப் பேசுவது இதனால்தான். கருவியில் குறை தேடிப் பயனில்லை, தண்ணீரின் இயல்பு அப்படி.

சுத்தம் 10 முதல் 20 நாளுக்கு ஒரு முறை போதும் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் அதிகம். வலையைக் கழற்றிச் சுரண்டுவதோடு, விளக்குக்கும் வலைக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடியை உட்புறம் துடைத்தாக வேண்டும். அங்கே ஒரு பச்சைப் படலம் பிடித்தால் வெளிச்சத்தை அதுவே தின்றுவிடும். வலையில் வளர்ச்சி குறையும், காரணம் புரியாது. காற்று வெளியேறும் துளைகளில் உப்பு கட்டிதட்டும். குமிழி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறத் தொடங்கினால் இதுதான் காரணம். குழாயைக் கழற்றிச் சுடுதண்ணீரிலும், சுண்ணப் படிவு இருந்தால் வினிகரிலும் ஊறவைத்தால் விட்டுவிடும். மேலே வெடிக்கும் குமிழிகள் மூடியிலும் விளக்கு ஒயரிலும் உப்பைத் தெளித்துக்கொண்டே இருக்கும், அதையும் துடைக்க வேண்டும்.

ஏர் டியூபில் செக் வால்வ் (ஒரு திசையில் மட்டும் விடும் அடைப்பான்) இல்லாமல் ஓட்டாதீர்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து மின்சாரம் போனால், தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கிப் பம்பில் நுழைந்து தரைக்கு வரும். இன்னொன்று சத்தம். படுக்கையறைத் தொட்டிக்கு இதை வாங்கும் முன் ஏர் பம்பை ஒரு இரவு தனியாக ஓட்டிப் பாருங்கள்.

## தட்டு வகை

சாய்வான தட்டில் வலையைப் படுக்கப் போட்டு, ஒரு முனையில் தண்ணீர் விட்டு, மறு முனையில் சம்புக்குள் வழியவிடுவது. செய்ய மிக எளிது: ஆழமில்லாத ஒரு பிளாஸ்டிக் தட்டு, வலை, மேலே ஒரு விளக்கு. பிளவு வெட்டும் நுட்பமெல்லாம் வேண்டாம். இதன் மூத்த வடிவம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1982-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அதில் தண்ணீர் ஒரு வாளியில் நிறைந்து, நிறைந்ததும் கவிழ்ந்து, அலை போல வலையின் மேல் பாயும். பாசிக்கு அந்த அலை அடிப்பு மிகவும் பிடிக்கும். நிமிடத்துக்கு நிமிடம் கவிழும் வாளிச் சத்தமும் தெறிப்பும் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

வெளிச்சம் ஒரு புறம்தான் என்பதால் பரப்பு இரட்டிப்பு. நாளுக்கு இரண்டு கட்டி தீனிக்கு 300 சதுர செ.மீ.க்கு மேல் வேண்டும். பாசி தடித்தால் மேலடுக்கு கீழடுக்கை மறைக்கும், கூடவே தண்ணீரும் பாசிக்கு அடியில் போகாமல் மேலே ஒதுங்கி ஓடும். அதனால் இதைப் பத்து நாளுக்கு மேல் விடக்கூடாது. சுத்தம் செய்வது என்னவோ எல்லாவற்றையும்விடச் சுலபம்: வலையைத் தூக்கி, சுரண்டி, திரும்பப் படுக்க வைத்தால் முடிந்தது. சம்புக்கு மேல் இடம் தாராளமாக இருப்பவர்களுக்கும், முதல் தடவை சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

## கீட்டோ கொத்து

வலையே இல்லை. சம்பின் ஒரு அறையில் உருண்டைக் கொத்தாகக் கீட்டோ பாசி, மேலே விளக்கு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி எறிந்தால் போதும். சின்ன உயிரினங்கள் பெருக இதைவிட நல்ல இடம் கிடையாது, அவை மீனுக்கும் தீனி. கடல் தொட்டிக்கு மட்டும்தான்.

ஆனால் அதே வேலைக்கு இடம் பல மடங்கு வேண்டும். கொத்துக்குள் கழிவுத் தூள் சேரும். மாதம் ஒரு முறை தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில் அமுக்கி உலுக்கினால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். கொத்து உருளவில்லை என்றால் உட்புறம் வெளுத்து உருகத் தொடங்கும், வெளியே பச்சையாகவே தெரியும்.

## ஒரு பார்வையில்

| | அருவி | குமிழி | தட்டு | கீட்டோ |
|---|---|---|---|---|
| சம்ப் தேவையா | பெரும்பாலும் ஆம் | இல்லை | ஆம் | ஆம் |
| சுத்தம் | 7–14 நாள் | 10–20 நாள் | 7–10 நாள் | 2–4 வாரம் |
| இடத்துக்கு ஏற்ற பலன் | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரத்துக்குக் கீழ் | குறைவு |
| மின்சாரம் போனால் | காயும் | பாதகமில்லை | தட்டில் நீர் தேங்கினால் தாங்கும் | பாதகமில்லை |
| கசிவு ஆபத்து | உண்டு | செக் வால்வ் இருந்தால் இல்லை | கொஞ்சம் | இல்லை |
| நல்ல தண்ணீரில் | நன்று | சுமார் | நன்று | பொருந்தாது |
| மறைந்த தொல்லை | ஆவியாதல், பிளவு அடைப்பு | உப்புப் படிவு, கண்ணாடிப் படலம், சத்தம் | இடம் | உள்ளே அழுகுதல் |

மின் செலவையும் பார்த்துவிடுவோம். அருவிக்கு 10 வாட் பம்பும் மொத்தம் 12 வாட் விளக்கும் என்றால் நாளுக்கு 456 வாட்-மணி. குமிழிக்கு 4 வாட் ஏர் பம்பும் அதே 12 வாட் விளக்கும் என்றால் 312. ஓவர்ஃப்ளோவில் அருவியை இணைத்துவிட்டால் விளக்குச் செலவான 216 மட்டும், குமிழியையும்விடக் குறைவு.

## எந்தத் தொட்டிக்கு எது

சம்ப் உள்ள கடல் தொட்டி, நிறைய தீனி, வாரம் பதினைந்து நிமிடம் தவறாமல் ஒதுக்க முடியும் என்றால் அருவி. வேறு யோசனையே வேண்டாம். வெளியூர்ப் பயணம் அடிக்கடி, மின்வெட்டும் உண்டு, சம்ப் கிடையாது, ஆனால் உப்புத் தண்ணீர் என்றால் குமிழி. செடி இல்லாத நல்ல தண்ணீர்த் தொட்டியில் பெரிய சிக்லிட், தங்கமீன் வைத்திருப்பவர்கள் அருவி அல்லது தட்டு பக்கம் போகலாம். நத்தைகள் வலை ஏறி மேயாமல் ஒரு தடுப்பு வையுங்கள். செடி அடர்ந்த தொட்டிக்கு நான்குமே வேண்டாம், செடிக்குப் போக வேண்டிய சத்தை ஸ்க்ரப்பர் பிடுங்கிக்கொள்ளும். தீனி குறைவு, இடம் அதிகம், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் கைவைக்க மனமில்லை என்றால் கீட்டோ.

ஸ்கிம்மரை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்கிம்மர் கழிவை அது மக்கும் முன்பே நுரையாக எடுக்கிறது, ஸ்க்ரப்பர் மக்கிய பிறகு வருவதை எடுக்கிறது. இருப்பதை எடுக்க அவசரம் வேண்டாம். தாமிரம் கலந்த மீன் மருந்து போடுவதாக இருந்தால் மட்டும் எந்த வகையானாலும் முன்கூட்டியே வலையை வெளியே எடுங்கள். தாமிரத்தில் செத்த பாசி தொட்டியிலேயே அழுகும்.

## நிறம் சொல்லும் சேதி

முதல் இரண்டு வாரம் பழுப்புப் படலம்தான் வரும். பயப்பட வேண்டாம், விரலால் லேசாகத் துடைத்து விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பச்சை ஏறும். அதற்குப் பிறகும் தார் போலக் கறுப்பாக வந்தால் சத்து அதிகம், வெளிச்சம் குறைவு: இடைவெளியைக் குறைத்து, விளக்கைக் கூட்டுங்கள். மஞ்சளாக ரப்பர் போல வந்தால் வெளிச்சம் மிகுதி அல்லது இரும்புச் சத்துக் குறைவு. விளக்குக்கு நேர் எதிரே மட்டும் வட்டமாக வெறுமையாக இருந்தால் விளக்கைத் தள்ளிவையுங்கள் அல்லது 18 மணி நேரத்தை 12 ஆக்குங்கள்.

நைட்ரேட் பூச்சியத்தில் நிற்கிறது, பாஸ்பேட் மட்டும் இறங்க மறுக்கிறது என்ற குழப்பத்துக்கும் கணக்கு உண்டு. கடலடிப் பாசிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் சராசரியாக 550:30:1 என்று அட்கின்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-ல் எழுதினார்கள். அதை எடையாக மாற்றினால் 1 மில்லிகிராம் பாஸ்பேட்டை எடுக்கச் சுமார் 20 மில்லிகிராம் நைட்ரேட் வேண்டும். நைட்ரேட் முதலில் தீர்ந்தால் பாசி நின்றுவிடும், பாஸ்பேட் அப்படியே கிடக்கும். தீனியைக் கொஞ்சம் கூட்டியோ நைட்ரேட் கரைசலைச் சிறிது சேர்த்தோ லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராமில் வைத்தால் மறுபடி நகரும். இரண்டுமே பூச்சியமானால் பவளங்கள் வெளுக்கும். அப்போது விளக்கு நேரத்தைக் குறையுங்கள், வலையைக் கழற்றாதீர்கள்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் பழையதை உடனே நிறுத்த வேண்டாம். சுரண்டிய பாசியில் ஒரு பிடியை எடுத்துப் புது வலையில் அழுத்தித் தேய்த்து, இரண்டையும் நான்கு வாரம் சேர்த்து ஓட்டுங்கள். புது வலையின் பிழிந்த எடை பழையதை எட்டிப் பிடித்த வாரம் பழையதைக் கழற்றலாம்.